பாஸ் ஆகிவிட்ட ஊர்

கபுயான்
பிப்ரவரி 27, 2005

நசூனா அக்காவுக்கு,

முதலில் அவசரமான கேள்வி. நீங்கள் கிளம்பும்போது அம்மா உங்கள் கையில் திணித்த கோழி இப்போது குசலமா, குழம்பா? குழம்பென்றால் தயங்காமல் சொல்லுங்கள். அதன் தங்கை இங்கே என் காலைக் கொத்திக்கொண்டு திரிகிறது. அதற்குத் துக்கம் சொல்ல வேண்டும்.

கடிதத்தில் மீன் வாடை அடித்தால் அது என் குற்றமல்ல. வாரம் ஒருமுறை எம்பாலே நகரத்துக்குப் போகும் மீன் லாரியில்தான் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் கல்லூரி வாசல் காவலரிடம் சேர்த்துவிடுவதாக ஓட்டுநர் சொல்லியிருக்கிறார். "யாருக்கும்மா, காதலனுக்கா?" என்றார். "ஆமா, தாடி மட்டும் கிடையாது" என்றேன்.

நர்சிங் படிப்புக்காக எங்கள் வீட்டில் ஆறு வாரம் தங்கி, ஊரில் ஒரு வீடு விடாமல் எண்ணி எழுதிக்கொண்டு நீங்கள் போன பிறகு என் நாக்குக்கு வேலை இல்லை. உங்கள் கேள்வியை எங்கள் மொழிக்கும் எங்கள் பதிலை இங்கிலீஷுக்கும் மாற்றி மாற்றி, தேய்ந்த நாக்கு. இப்போது பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்வதை அவருக்கே மொழிபெயர்த்துக் கொடுத்து முட்டிபோட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, விஷயம். மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை மருந்துப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவாரே நர்ஸ், அவர் இரண்டு மாதமாக வரவில்லை. ஜனவரியில் வண்டி பழுதென்று நினைத்தோம். இந்தச் செவ்வாய்க்கிழமையும் குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு பெண்கள் தேவாலய முற்றத்தில் வெயில் சாயும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் ஊர்த்தலைவர் ஒதிங் சைக்கிளை மிதித்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்கே போய் வந்தார்.

"வாழ்த்துச் சொன்னாங்கப்பா" என்றார். "நம்ம ஊரு பாஸ் ஆயிருச்சாம். நாப்பத்தொரு வீட்டுல முப்பத்தெட்டு முன்மாதிரி வீடாம். நம்ம ஊர்ல தங்குன பொண்ணு எழுதுன புத்தகத்துல இருக்காம். அதனால நர்ஸ் இனி ஏரிக்கு அந்தப் பக்கம் ஒகுலேக்குப் போவாங்களாம்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "பாஸ் ஆனா பரிசுதான குடுப்பாங்க? இருக்கறதையா புடுங்குவாங்க?"

பாஸ் ஆன ஊருக்குப் பாசம் எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

தங்கை அலுப்போவின் வலிப்பு மாத்திரை பதினொன்றுதான் மீதி. அம்மா ஒவ்வொன்றையும் கத்தியால் இரண்டாக வெட்டி, "பாரு, இருபத்திரெண்டாச்சு" என்கிறாள். கணக்கில் என் அம்மாவை யாரும் ஜெயிக்க முடியாது.

நீங்கள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எண்ணிக்கையில் சின்னப் பிழை என்று சொல்லுங்கள். மிகச் சின்னது. எலி அளவு.

உங்கள் வாய், உங்கள் காது,
அமுகே

*

எம்பாலே
மார்ச் 9, 2005

அன்புள்ள அமுகே,

கோழி உயிரோடு இருக்கிறது. விடுதிக் காப்பாளர் வீட்டில் முட்டையிடுகிறது. உன் கடிதம் வந்த அன்று என் அறைத் தோழிகள் ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். மற்றபடி படித்துச் சிரித்தேன், அலுப்போவைப் பற்றிய வரி வரும்வரை.

அம்மாவிடம் உடனே சொல்: அந்த மாத்திரையை வெட்டக் கூடாது. அளவு குறைந்தாலும் திடீரென்று நின்றாலும் வலிப்பு முன்பைவிட மோசமாக வரும். இதை நான் அங்கே இருந்தபோதே அழுத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். பெரிய சுகாதார நிலையம் இருபத்துமூன்று கிலோமீட்டர் என்று தெரியும். அங்கே போகும் வழியில் இருக்கும் சதுப்பில் தண்ணீர் ஏறுவதற்குள் யாராவது சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுங்கள்.

நர்ஸ் விஷயம் கேட்டு வருத்தப்பட்டேன். ஆனால் அது என் முடிவு அல்ல. நான் எழுதியது படிப்புக்கான அறிக்கை. அதை மாவட்டத்துக்கு ஒரு பிரதி அனுப்புவது எங்கள் வழக்கம், அவ்வளவுதான். உனக்கு ஒரு நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். முப்பத்திரண்டு மாணவர்கள் முப்பத்திரண்டு ஊருக்குப் போனோம். அதில் என் அறிக்கைதான் சிறந்தது என்று தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மே மாதம் தலைநகர் கம்பாலாவில் ஒரு பெரிய கூட்டத்தில் கபுயானைப் பற்றி நான் பேசப் போகிறேன். நன்றி சொல்லும் பக்கத்தில் உன் பெயர் இருக்கிறது.

எலி அளவு பிழை என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? விளையாட்டு வேண்டாம். நேராக எழுது.

அன்புடன்,
நசூனா

*

கபுயான்
மார்ச் 20, 2005

அக்கா,

நேராக எழுதச் சொன்னீர்கள். எனக்கு அது கைவந்த கலை இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் எறியக்கூடிய பொருள் எதுவும் வேண்டாம்.

உங்களுக்கு முந்தின ஆண்டு ஒரு மாணவன் வந்தான். வீடு வீடாகப் போய்க் கழிப்பிடம், குளிக்கும் மறைப்பு, குப்பைக்குழி, கைகழுவும் கேன், கழுவிய தட்டை வெயிலில் காயவைக்கும் பரண், கொசுவலை என்று பார்த்து எழுதினான். ஒன்பது வீடுதான் தேறியது. கடைசி நாள் அவனுடைய ஆசிரியர் வந்தார். எங்கள் எல்லோர் முன்னாலும், "ஆறு வாரமா இங்க என்ன கிழிச்ச?" என்று கேட்டார். அந்தப் பையன் கிணற்றடியில் போய் நின்று அழுதான். அன்றைக்கு அவனுக்குக் கோழி கொடுக்கக்கூட யாருக்கும் கை வரவில்லை.

அதனால் நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும் பெண்கள் கூடினார்கள். "விருந்தாளிய அழவிட்டு அனுப்புற ஊருன்னு பேராயிரும்" என்றாள் அம்மா. "பிள்ளைக்கு மார்க்கு வேணும். நம்மகிட்ட இருக்கறது வாய்தான். குடுத்துட்டுப் போவோம்." எங்கள் ஊரில் விருந்தாளி வெறுங்கையோடு போகக் கூடாது. அவ்வளவுதான் அக்கா நடந்தது. கோழி உங்களுக்கு, மார்க்கு உங்கள் கல்லூரிக்கு.

யோசனை பெரியவர்களுடையது. வேலை முழுக்க என்னுடையது. ஊரில் பரண் மூன்றே மூன்று. அதில் ஊர்த்தலைவர் வீட்டுப் பரணின் காலைத் தோண்டி எடுத்தோம். நாம் ஒரு வீட்டுக்கு முன்வாசல் வழியாகப் போவதற்குள் அது பின்பக்கமாகப் போய்ச் சேரும். ராஜா பவனி, ராணி பவனி கேட்டிருப்பீர்கள். இது பரண் பவனி. சைக்கிளில் கட்டி, மேலே ஒரு துணி போட்டு, ஏதோ நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல. நேரம் போதாவிட்டால் நான் உங்களுக்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கொடுக்கச் சொல்வேன். ஒரே நாளில் எட்டு வீட்டில் சாப்பிட்டீர்களே, எங்கள் அன்பு என்று டைரியில்கூட எழுதினீர்களே, அது பரணுக்கு வழிவிட்ட கிழங்கு.

மிச்சம் என் நாக்கு. நீங்கள் கேட்டது: "வீட்டில் எத்தனை பேர் கொசுவலைக்குள் தூங்குகிறார்கள்?" பக்கத்து வீட்டு அகுருத் அக்கா சொன்னது: "வலையா? அது ஏரியில மீன் புடிக்கப் போயிருக்கு." நான் உங்களுக்குச் சொன்னது: "எல்லோரும், தினமும்." நீங்கள் கேட்டது: "கழிப்பிடம் எங்கே?" ஒருவர் கையை வீசிக் காட்டியது மொத்தக் காட்டையும். நான் சொன்னது: "கொஞ்சம் தள்ளி இருக்கிறது." அது பொய்கூட இல்லை.

வலிப்பு யாருக்காவது உண்டா என்று கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அலுப்போவை நீங்களே பார்த்தீர்கள், அதனால் ஒன்று என்று எழுதினீர்கள். மற்ற வீடுகளில் எல்லோரும் "இல்லை" என்றார்கள். அதை மட்டும் நான் மாற்றவில்லை, அப்படியே சொன்னேன். ஆனால் நர்ஸ் வரும் நாளில் கூட்டம் கலைந்த பிறகு பின்பக்கமாக வந்து மாத்திரை வாங்கிப்போகிறவர்கள் யார் யார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

ஆக, எலி கொஞ்சம் பெரிது. எருமை அளவு.

ஒரு வார்த்தை சொல்லுங்கள் அக்கா. சுகாதார நிலையத்துக்குப் போக முடியவில்லை. இந்த ஆண்டு மழை முன்னாலேயே இறங்கிவிட்டது, சதுப்பில் இடுப்பளவு தண்ணீர். வெட்டிய மாத்திரையில் இரண்டு துண்டு மிச்சம்.

அமுகே

*

எம்பாலே
மார்ச் 30, 2005

அமுகே,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். சிரிப்பு வரவில்லை.

நான் உன்னை நம்பித்தான் வீடு வீடாக வந்தேன். உன் ஊரின் மொழி எனக்குத் தெரியாது. நீ சொன்னதுதான் எனக்கு அந்த ஊர். இங்கே கல்லூரியில் இருநூறு பேர் முன்னால் நின்று, படம் காட்டி, கபுயான் எப்படி முன்னேறியது என்று பேசியிருக்கிறேன். பேராசிரியர் எழுந்து கை குலுக்கினார். இப்போது நீ பரணுக்குப் பவனி நடத்திய கதையை வேடிக்கையாக எழுதுகிறாய்.

நான் ஒரு வார்த்தை சொன்னால் என்ன ஆகும் தெரியுமா? பொய் அறிக்கை கொடுத்தவள் என்று ஆகும். இந்த ஆண்டு போகும். கம்பாலாக் கூட்டம் போகும். எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். என் அப்பா ஜிஞ்சா மார்க்கெட்டில் என் புகைப்படத்தைக் கடைச்சுவரில் ஒட்டி, வருகிறவர்களிடமெல்லாம் "நர்ஸம்மா" என்று காட்டுகிறார். யாரும் உங்களிடம் மார்க்குப் பிச்சை கேட்கவில்லை. நான் கேட்டது உண்மையை.

இத்துடன் அறுபது மாத்திரை அனுப்புகிறேன். தினமும் ஒன்று, மாலையில். வெட்டக் கூடாது. தீரும் முன் வேறு அனுப்பப் பார்க்கிறேன். அலுப்போவுக்கு இது போதும். ஊர் விஷயத்தை உங்கள் ஊர்த்தலைவர் பார்த்துக்கொள்ளட்டும். என் அறிக்கை உண்மை என்று முத்திரை போட்டுக் கொடுத்தவர் அவர்தான்.

நசூனா

*

கபுயான்
ஏப்ரல் 3, 2005

நசூனா அக்காவுக்கு,

மாத்திரை நேற்று வந்தது. ஒரு வாரம் பிந்தி.

ஈஸ்டர் அன்று எல்லோரும் ஜெபத்துக்குப் போய்விட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தோம். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். அம்மா மரவள்ளி பிடுங்கக் கொல்லைக்குப் போயிருந்தாள். அலுப்போ அடுப்பில் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்து நெருப்புக்குள்ளேயே விழுந்தாள். முற்றத்தில் ஆறு பேர் இருந்தார்கள். வலிப்பு வருகிறவளைத் தொட்டால் தனக்கும் வரும் என்ற பயம் உங்களுக்குத் தெரியும். நீங்களே அதைப் பற்றி ஒரு பாடம் எடுத்தீர்கள், நான் மொழிபெயர்த்தேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் கம்பை நீட்டினார். "புடிச்சுக்க, புடிச்சுக்க" என்று கத்தினார்களாம். வலிப்பில் இருப்பவள் எப்படிப் பிடிப்பாள்? அம்மா ஓடிவந்துதான் இழுத்தாள்.

வலது கை. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. அதற்குமேல் எழுத மாட்டேன்.

நேற்று உங்கள் மாத்திரையை அம்மா கையில் வாங்கி, "நல்ல பொண்ணு" என்றாள். உங்கள் கடிதத்தை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. வேறொரு கடிதத்தை வாயாலேயே எழுதிப் படித்தேன். பழக்கம்தானே.

அலுப்போவுக்குப் போதும் என்று எழுதினீர்கள். பின்பக்கமாக வருகிற மற்றவர்களுக்கு? ஊசி போடாத குழந்தைகளுக்கு? நீங்கள் அறுபது மாத்திரையில் எங்களிடம் கணக்கு முடிக்கப் பார்க்கிறீர்கள்.

ஒன்று ஞாபகப்படுத்த வேண்டும். ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை. அகுருத் அக்கா வீட்டுத் திருப்பத்தில் சைக்கிள் சாய்ந்து பரண் நடுவழியில் விழுந்தது. துணி விலகிவிட்டது. நீங்கள் நோட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து, அதன் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிவிட்டீர்கள். "பார்த்துப் போங்க" என்றீர்கள். பிறகு உள்ளே வந்து, அதே பரணைப் பின்பக்கம் பார்த்து, "உண்டு" என்று குறித்தீர்கள்.

நான் ஏமாற்றினேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏமாந்தவர் யாரென்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.

அமுகே

*

எம்பாலே
ஏப்ரல் 26, 2005

அமுகே,

மூன்று வாரமாக மீன் லாரி வரும் நாளில் நான் வாசல் பக்கமே போகவில்லை.

நீ எழுதியது நடந்தது. அந்தப் பரணின் குறுக்குக் கம்பில் ஆடு கடித்த தழும்பு ஒன்று இருந்தது. இரண்டாவது வாரமே அதை மூன்று வீட்டில் பார்த்துவிட்டேன். மொழி தெரியாதவளுக்கும் காது உண்டு. ஒரு பெண் ஐந்து நிமிடம் கை நீட்டிச் சண்டைபோடுவதுபோலப் பேசுகிறாள், நீ "ஆமாம்" என்று ஒரே சொல்லில் முடிக்கிறாய். அது பதில் இல்லை என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை.

முதலில் வேடிக்கையாக இருந்தது. நாளைக்குக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அரை நோட்டு நிரம்பிவிட்டது. கிழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினால் ஆறு வாரம் போதாது. அந்த முந்தின ஆண்டுப் பையன் என் வகுப்புக்கு மேல் வகுப்பு. அவன் ஆசிரியரிடம் பட்டதை நான் இங்கேயே கேள்விப்பட்டிருந்தேன். நீங்கள் எனக்குக் கொடுக்க நினைத்ததை நான் தெரிந்தே வாங்கிக்கொண்டேன். அது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். உங்களிடமிருந்து எதையாவது பிடுங்கும் என்று நினைக்கவில்லை. அலுப்போவின் கையைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை.

போன திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டேன். அவர் "உனக்கு எப்பத் தெரியும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டாவது வாரம் என்றேன். பரிசு போயிற்று. கம்பாலாவும். நான் மறுபடி ஒரு ஊருக்குப் போய் ஆறு வாரம் முடிக்காமல் என் வகுப்போடு தேர்வு எழுத முடியாது. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

மாவட்ட அலுவலருக்கும் நேரில் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு விரலை நீட்டி, "ஒரு அறிக்கை உண்மைன்னு முத்திரையோட இருக்கு. இன்னொண்ணு பொய்ன்னு நீ வாயால சொல்ற. நான் எதை எடுத்துக்கறது?" என்றார். கபுயானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம்: நாங்கள் தவறான பதில் சொன்னோம் என்று. வீடு வீடாக, திரும்ப எண்ணி, ஊர்த்தலைவரின் முத்திரையோடு. அப்போதுதான் அவர் யோசிப்பாராம்.

என்னால் முடிந்தது இவ்வளவு. மிச்சம் உன் கையில் இருக்கிறது. மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

நசூனா

*

கபுயான்
மே 15, 2005

நசூனா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இந்த முறை அம்மாவுக்கு உள்ளதை உள்ளபடி படித்தேன். இரண்டாவது வாரம் என்ற இடத்தில் அவள் கையிலிருந்த நிலக்கடலையைக் கீழே வைத்தாள். "தெரிஞ்சும் தின்னுச்சா எட்டு வீட்டுக் கிழங்க?" என்றாள். கோபமா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. எதையும் மொழிபெயர்ப்பேன், அம்மாவின் முகத்தைத் தவிர.

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்து கூட்டம் போட்டோம். சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

அகுருத் அக்கா முதலில் எழுந்தாள். "குடுத்தத எவளாவது திருப்பிக் குடுப்பாளா? நாம ஆசையாக் குடுத்தோம். அத மேசையில வச்சு, இது கெட்டுப்போனதுன்னு சொல்லிட்டு வந்திருக்கா. அவளுக்காக நாம வேற பொய்யங்கன்னு எழுதிக் குடுக்கணுமா?"

பாதிப் பேர் கை தட்டினார்கள். ஊர்த்தலைவர் சட்டைப்பையில் இருக்கும் முத்திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "பாஸ் ஆன ஊரு திரும்பப் போய் ஃபெயில் போடுங்கன்னு கேட்டதா எங்கயாவது உண்டா? என் முத்திரை ஒருதடவ அடிச்சாச்சு. அதுக்கு எதிரா அதே முத்திரைய அடிச்சா, நாளைக்கு நெலப் பத்திரத்துல இத யாரு நம்புவா?"

"அப்ப அத வச்சுத் தீக்காயத்துக்கு ஒத்தடம் குடுங்க தலைவரே" என்றாள் அம்மா.

யாரும் சிரிக்கவில்லை. அவள் அலுப்போவை எழுப்பி நடுவில் கொண்டுவந்து நிறுத்தினாள். கட்டை அவிழ்க்கவில்லை. அவிழ்ப்பாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அம்மா என்னைப் பார்த்து, "எழுது. எங்க வீடு. கழிப்பிடம் இடிஞ்சு ரெண்டு வருசம். பரண் கெடையாது. வலை ஒண்ணு, ஓட்டை. வலிப்பு ஒண்ணு. எழுதிட்டியா? அன்னைக்கு எங்க முத்தத்துல ஆறு பேரு நின்னீங்க. அதுல ரெண்டு பேரு வீட்டுல இதே மாத்திரை இருக்கு. பேரு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க" என்றாள்.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

கம்பை நீட்டினாரே, அவர் எழுந்தார். பெயர் எமோருட். சைக்கிள் பழுதுபார்ப்பவர். தரையைப் பார்த்துக்கொண்டு, "என் மூத்தவனுக்கு" என்றார். "ரெண்டு வருசமா." பிறகு உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏழு வீட்டுக்காரர்கள் எழுந்து போய்விட்டார்கள். மற்ற வீடுகளை நான்கு நாளில் நான் எண்ணினேன். போனவர்களும் ஒவ்வொருவராகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டுச் சொன்னார்கள், வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. இந்த முறை யாரும் எனக்குக் கிழங்கு கொடுக்கவில்லை. நாற்பத்தொன்றில் எட்டு தேறியது. அந்தப் பையனின் காலத்தைவிட ஒன்று குறைவு. வலிப்பு நான்கு.

முத்திரைக்கு மூன்று தடவை நடந்தேன். மூன்றாவது தடவை ஊர்த்தலைவர் கதவைத் திறந்து, கடைசிப் பக்கத்தில் அடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. அதையே அனுப்புகிறேன். அலுவலரிடம் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள்.

மன்னிப்பைப் பற்றி: எனக்கே ஒன்று தேவைப்படுகிறது. உங்களுக்குக் கடன் கொடுக்கும் நிலையில் இல்லை.

அமுகே

*

எம்பாலே
ஜூன் 8, 2005

அமுகே,

கொடுத்துவிட்டேன். அலுவலர் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை என் முன்னாலேயே படித்தார். கோணல் முத்திரையை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

அவருடைய பதிலை அப்படியே எழுதுகிறேன். மோட்டார் சைக்கிள் ஒன்றுதான். நர்ஸ் ஒருவர்தான். ஒகுலேயில் நர்ஸ் போக ஆரம்பித்த நான்கு மாதத்தில் ஐம்பத்தாறு குழந்தைகளுக்கு முதல் ஊசி போட்டிருக்கிறார்கள். "அவங்ககிட்ட இருந்து எடுத்து உங்களுக்குத் தரச் சொல்றியா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உனக்குத் தெரியுமா? கடைசியில், ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் உங்களுக்கு என்று எழுதிக்கொண்டார். உங்கள் முறை ஜூலைக் கடைசிச் செவ்வாய். மாத்திரை இரண்டு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். அலுப்போவின் கையை அறுவைச் சிகிச்சைக்குக் காட்ட ஒரு சீட்டும் வாங்கியிருக்கிறேன். அடுத்த ஆண்டு முன்வரிசையில் பெயர் வரும் என்கிறார்கள். நான் அதை விடமாட்டேன்.

போன மாதக் கடைசி லாரியில் அனுப்பிய இன்னொரு அறுபது மாத்திரை அதுவரை தாங்கும்.

எனக்கு ஆகஸ்டில் வேறொரு ஊர். மலைப்பக்கம். கபுயானைக் கேட்டேன், தரவில்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன். புகைப்படத்தை எடுக்கவில்லையாம். ஆனால் யாராவது கேட்டால், "படிச்சுக்கிட்டே இருக்கா" என்று சொல்கிறாராம்.

நசூனா

*

கபுயான்
ஜூலை 31, 2005

நசூனா அக்காவுக்கு,

நீங்கள் மலை ஏறுவதற்கு முன் இது உங்கள் கைக்கு வந்துவிடும் என்று நம்புகிறேன்.

ஒகுலேயைப் பற்றிய உங்கள் கேள்வியை இரண்டு மாதம் மென்றேன். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அந்த ஊரில் என்னைப் போல ஒருத்தி இருப்பாள் என்று மட்டும் தோன்றுகிறது. அவள் என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். இந்த மாதம் அவர்களுக்கு நர்ஸ் இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தார். எங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேரா? பாஸ் ஆன ஊருன்னு சொன்னாங்களே" என்றார். "பாஸ் பழசு மேடம், இப்ப அரியர்" என்றேன். அவர் சிரித்தார். முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. அகுருத் அக்கா இன்னும் என்னோடு பேசுவதில்லை. வரிசையில் எனக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டே இரண்டு மணி நேரம் நின்றாள்.

வலிப்பு மாத்திரை நான்கு பேருக்கு இரண்டு மாத அளவு கொண்டுவந்திருந்தார். நான் எழுதியது நான்குதானே. நர்ஸ் "வலிப்புக்காரங்க இந்தப் பக்கம் வாங்க" என்று கூப்பிட்டதும் அம்மா அலுப்போவோடு போய் நின்றாள். எமோருட் மகனோடு போனார். பிறகு எழுதின மற்ற இருவர். பிறகு இன்னொருவர் எழுந்தார். பிறகு இன்னொருத்தி. கடைசியாக, பகலில், எல்லோரும் பார்க்க, அகுருத் அக்கா தன் கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, தானே போய் வரிசையில் நின்றாள். அவளுக்கே, அக்கா. பக்கத்து வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. மொத்தம் ஏழு.

நர்ஸ் மாத்திரையை மூடியில் கொட்டி எண்ணினார். ஏழாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு மாதமும் சில நாளும். அடுத்த வரவு செப்டம்பர் கடைசியில்.

"எழுதியிருக்கற நாலு பேருக்கு முழுசாத் தரவா, ஏழு பேருக்கும் கொறைச்சுத் தரவா? நீங்களே சொல்லுங்க" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் அலுப்போவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "ஏழாப் போடுங்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் கேட்காத மாதிரி விறகு வெட்டினேன், தேவைக்கு மேல்.

செப்டம்பர் மாதம் முழுவதும் ஏழு பேருக்கும் மாத்திரை இல்லை. உங்களை அனுப்பச் சொல்லி இதை எழுதவில்லை. நீங்கள் அனுப்பினால் அது அலுப்போவுக்கு வரும். அம்மா அதையும் ஏழாகப் பிரிப்பாள்.

அதனால் நேற்று அலுவலருக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். கேலி கிடையாது. ஒரு பக்கம்தான். கபுயானில் வலிப்பு உள்ளவர்கள் நான்கு பேர் அல்ல, ஏழு பேர். செப்டம்பருக்கு மாத்திரை இல்லை. யாரையாவது அனுப்புங்கள், இல்லையென்றால் எங்களில் இருவர் வந்து வாங்கிக்கொள்கிறோம், நாளைச் சொல்லுங்கள். கீழே ஏழு பேரும் அவரவர் பெயரை அவரவரே போட வேண்டும் என்று சொன்னேன். இரண்டு பேர் மறுத்தார்கள். மாலையில் வந்து போட்டார்கள். மூன்று பேர் கைநாட்டு.

அலுப்போ இடது கையால் எழுதினாள். தன் பெயருக்கு ஒரு வரி முழுவதும் எடுத்துக்கொண்டாள், பிறகு அடுத்த வரியிலும் கொஞ்சம். நான் பிடித்து எழுதவைக்கப் போனேன். "நீ கையை எடு" என்றாள்.

கடிதம் நாளை மீன் லாரியில் போகிறது.

அமுகே